தரங்கம்பாடிக் கரையில் ஒரு பகற்பொழுது

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் ஊருக்கு வருவது பெரும்பாலும் ஏதேனும் ஒரு காரியத்தை முன்னிட்டே. திருமணம், காதணி விழா, குலதெய்வ வழிபாடு, பெரியோரின் அறுபதாம் ஆண்டு நிறைவு என்று ஏதாவது ஒன்று நம்மை அழைக்கிறது. விடுப்போ பத்து நாள். அதில் போகவர நான்கு நாள் ரயிலிலேயே கழிந்துவிடும். எஞ்சிய நாட்கள் உற்றார் உறவினர் இல்லங்களுக்குச் சென்று வருவதற்கே போதமாட்டா. வழியிலுள்ள ஊர்களை நின்று பார்க்க நமக்கு ஓய்வு ஏது? அவ்வாறு நான் பல முறை பாராமலே கடந்து சென்ற ஊர்களுள் ஒன்று தரங்கம்பாடி.

என் தமையனாரின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்காகத் திருக்கடையூருக்கு டெல்லியிலிருந்து குடும்பத்துடன் வந்திருந்தோம். சடங்குகள் காலையிலேயே நிறைவுற்றன. திரும்பும் ரயிலோ இரவில்தான். இடையில் ஒரு பகல் முழுவதும் எங்களுக்கென்று கிடைத்தது. திருக்கடையூரிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் சென்றால் தரங்கம்பாடி. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள்; எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அவளை அழைத்துக்கொண்டு கடல் பார்க்கப் புறப்பட்டேன். அன்று கண்டவற்றையும், பின்னர் நூல்களில் தேடிப் படித்தவற்றையும் இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஊரின் பெயர். ‘அலைகள் பாடும் ஊர்’ என்பதே இதன் பொருள் என்று பயணக் கையேடுகள் கூறுகின்றன. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது ஆண்டுகளாக மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அதைத் திருத்தாமல் விட மனம் வரவில்லை. தரங்கம் என்றால் அலை. பாடி என்றால் ஊர், குடியிருப்பு. வாணியம்பாடியிலும் காட்பாடியிலும் யாரும் பாடுவதில்லையே! அலைவாய்க் கரையில் அமைந்த ஊர் என்று கொள்வதே நேரிய பொருள். இதற்கும் முந்திய பெயர் ஒன்று உண்டு. கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டில் இவ்வூர் ‘சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்’ என்று குறிக்கப்படுகிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் ஆண்டையொட்டி எழுந்த கோயில் அது. எனவே ஐரோப்பியர் வருவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே இது வணிகம் நடந்த பட்டினம் என்பது விளங்கும்.

ஊருக்குள் நுழையும்போது வெண்மை நிறத்தில் ஒரு வாயில் நம்மை எதிர்கொள்கிறது. 1792-இல் கட்டப்பட்ட இவ்வாயிலின் நெற்றியில் டென்மார்க் அரசரின் முத்திரை பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கடந்தால் அகன்ற ஒரு வீதி நேராகக் கடலை நோக்கிச் செல்கிறது. ராஜ வீதி என்பது இதன் பெயர். இரு புறமும் உயர்ந்த தூண்களும் அகன்ற தாழ்வாரங்களும் உடைய பழைய மாளிகைகள். போக்குவரத்து மிகக் குறைவு. வீதியின் முடிவில் திறந்தவெளி மைதானம். அதன் அருகே கடலைப் பார்த்தபடி டான்ஸ்போர்க் கோட்டை.

டென்மார்க் நாட்டினர் இங்கு வந்த கதை விந்தையானது. அவர்கள் புறப்பட்டது இலங்கைக்கு. போர்ச்சுகீசியருக்கு எதிராகக் கண்டி மன்னருக்கு உதவி செய்து, அங்கே வணிக உரிமை பெறுவது என்பது திட்டம். 1618-இல் ஓவே கெடே என்னும் இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. இலங்கையில் எண்ணிய எண்ணம் ஈடேறவில்லை. இதற்கிடையே, முன்னதாக வந்த ரோலண்ட் கிராப்பே என்பவரின் கப்பல் சோழமண்டலக் கரையருகே போர்ச்சுகீசியரால் அழிக்கப்பட்டது. உயிர் தப்பிய கிராப்பே தஞ்சை அரசவையை அடைந்தார். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரோ கடல் வணிகத்தின் பயனை நன்கு உணர்ந்தவர். 1620 நவம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும், வணிகம் செய்யவும், ஆண்டுதோறும் தஞ்சைக்குப் பணம் செலுத்தவும் அது வகை செய்தது. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு ரகுநாத நாயக்கர் விடுத்த ஓலை பொன்னேட்டில் எழுதப்பட்டது; அது இன்றும் டென்மார்க்கில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

ஆனால் பொன்னோலை வந்ததால் பொன் கொழிக்கவில்லை. டென்மார்க் ஐரோப்பியப் போர்களில் சிக்கி நலிந்தது. 1639-க்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாய்நாட்டிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கப்பலும் புறப்படவில்லை. கோட்டையில் இருந்த டேனியர் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். 1655-இல் தலைவரும் இறந்தபின், எஸ்கில் கோங்ஸ்பாக்கே என்ற எளிய போர்வீரர் பொறுப்பை ஏற்றார். தஞ்சைப் படைகள் பல முறை ஊரை முற்றுகையிட்டன. உள்ளூர் மக்களைத் துணையாகக் கொண்டு அவர் ஊரைச் சுற்றி அரண் எழுப்பிக் காத்தார். 1669-இல் ‘ஃபேரோ’ என்ற கப்பல் வந்து சேர்ந்தபோது கோட்டையின்மீது டென்மார்க் கொடி பறந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து ஒரு வாரம் கடிதம் வராவிட்டால் மனம் வாடிய நாட்கள் நம்மில் மூத்தோருக்கு நினைவிருக்கும். முப்பது ஆண்டுகள் கடலையே பார்த்துக் காத்திருந்தவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோட்டை இப்போது தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையைச் சேர்ந்த அருங்காட்சியகம். கீழ்த்தளத்தில் பண்டகசாலை, சமையலறை, சிறை; மேல்தளத்தில் தலைவர்கள் வாழ்ந்த கூடங்கள். மேல்தளத்தின் திறந்த முற்றத்தில் நின்றால் கடற்காற்று முகத்தில் அறைகிறது. இக்கோட்டையின் வணிகத்தில் பருத்தித் துணியும் மிளகும் மட்டும் இருந்தன என்று எண்ணிவிடலாகாது. பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சக் காலங்களில், பிழைக்க வழியற்று விற்கப்பட்ட மனிதரும் இத்துறையில் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். நம் நாட்டவர் கடல்கடந்து சென்ற வரலாற்றில் அவர்களுக்கும் இடம் உண்டு. அவர்கள் விரும்பிச் செல்லவில்லை. திரும்பி வரவும் இல்லை.

கோட்டையைப் பார்த்தபின் கடற்கரைக்கு வந்தால், மணற்கரையருகே ஒரு நினைவுச் சின்னத்தைக் காணலாம். பர்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1706 ஜூலை 9-ஆம் நாள் இங்கே வந்திறங்கியதன் நினைவாக அமைந்தது அது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய இருவருள் அவர் ஒருவர். மற்றவர் ஹென்றி புளூட்சோ. சீகன்பால்குக்கு அப்போது வயது ஏறத்தாழ இருபத்துநான்கு. வந்தவுடன் அவர் மேற்கொண்ட முதல் வேலை தமிழ் கற்பது. அச்சிட்ட பாடநூலோ, இலக்கணமோ கைக்கு எட்டாத காலம். முதிய பள்ளி ஆசிரியர் ஒருவரை அணுகி, அவருடைய திண்ணைப் பள்ளியையே தம் இல்லத்துக்கு மாற்றிக்கொள்ளச் செய்தார்கள். சிறு பிள்ளைகளுடன் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அ, ஆ என்று எழுதிப் பழகினார் அந்தப் பாதிரியார்.

இதை நான் சொன்னபோது என் மகள் கேட்டாள்: “எழுத்து அப்படி வந்துவிட்டது, சரி. பேசுவதற்கும் புத்தகம் படிப்பதற்கும் அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், அப்பா?”

நல்ல கேள்வி. நினைவுச் சின்னத்தில் அதற்கு விடை இல்லை. வரலாற்று நூல்களில் இருக்கிறது. அழகப்பன் என்பது அவர் பெயர். ஐரோப்பியர் அதை ‘அலெப்பா’ என்று எழுதிவைத்தனர். டேனிஷ் வணிகக் குழுமத்தில் துபாஷியாகப் பணியாற்றியவர் அவர். போர்ச்சுகீசியம், டேனிஷ், ஜெர்மன் முதலிய மொழிகளை அறிந்திருந்தார். சீகன்பால்கு அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அவர் வாயிலாகவே தமிழ்ப் பேச்சையும் நூற்பயிற்சியையும் பெற்றார். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பு எழுதி, 1708-இல் ஒரு பட்டியல் செய்தார். தமிழ் நூல்களுக்கு ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் விரிவான அட்டவணைகளுள் அது ஒன்று. சுவடிகள் தாமாக வந்து சேர்வதில்லை. எந்த வீட்டில் எந்த ஏடு இருக்கிறது, யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் ஊரார் ஒருவர் துணையின்றி அயலாருக்குத் தெரியுமா?

இந்தத் துணைக்கு அழகப்பன் கொடுத்த விலை பெரிது. அயலாருக்கு நம் சமயச் செய்திகளை வெளியிட்டார் என்ற பழி அவர்மீது விழுந்தது. தரங்கம்பாடியிலிருந்து வெளியேற்றப்பட்டார்; தஞ்சை நாட்டில் சிறைப்பட்டார். பின்னாளில், தமிழரின் வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் பற்றிப் பாதிரிமார் கேட்ட வினாக்களுக்குத் தமிழர் எழுதிய விடைக் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. அவற்றுள் பெரும்பாலானவற்றை எழுதியவர் அழகப்பனே என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். அவ்வாறாயின், அந்நாளில் ஐரோப்பாவில் நம்மைப் பற்றிப் படித்தவர்கள் கேட்டது ஒரு துபாஷியின் குரலையே. அவர் பெயர் தாங்கிய கல் ஒன்றும் அன்று என் கண்ணில் படவில்லை. இரு மொழிகளுக்கு இடையில் நின்று வேலை செய்பவனுக்கு இரு பக்கத்தாரின் ஐயமும் சேர்ந்தே கிடைப்பது புதிதன்று. என் தொழிலில் அது கோப்பில் எழுதும் ஒரு குறிப்போடு முடிகிறது. அவருக்கோ விலங்காக வந்தது.

சீகன்பால்குக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. டேனிஷ் ஆளுநரோடு ஏற்பட்ட பூசலால் 1708 நவம்பரிலிருந்து நான்கு மாதங்கள் இதே கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். அவர் முதலில் திரட்டிய சிறு சபையினருள் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனியர் வீட்டு அடிமைகள் என்பதை நினைவிற்கொண்டால், ஆள்வோரின் சினத்துக்குக் காரணம் ஓரளவு புரியும். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதிய பெருநூலையோ, அனுப்பியவர்களே வரவேற்கவில்லை. அது சென்னையில் அச்சேறியது 1867-இல்தான்.

இனி, அச்சுக்கூடம். தமிழ் அச்சு தரங்கம்பாடியில் தொடங்கவில்லை. 1578-இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. ஆனால் அம்முயற்சி நிலைக்கவில்லை. தொடர்ந்து இயங்கிய ஓர் அச்சுக்கூடம் இவ்வூரில்தான் அமைந்தது. லண்டன் நகரத்துச் சங்கம் ஒன்று அச்சுப்பொறியை அனுப்பியது. உடன் வந்த அச்சாளர் வழியிலேயே இறந்தார். ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன. அவை அளவில் மிகப் பெரியவை, தாளை விழுங்கின. தாளோ ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும். எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்து ஊராகிய பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் நிறுவினார்கள். 1708 அக்டோபரில் தொடங்கி 1711 மார்ச்சில் முடித்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1714, 1715-ஆம் ஆண்டுகளில் அச்சாகி வெளிவந்தது. அவர் வாழ்ந்த இல்லத்தில் 2017-இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஓலையும் எழுத்தாணியும் தாளுக்கும் ஈய எழுத்துக்கும் வழிவிட்ட மாற்றத்தை அங்கே நேரில் கண்டு உணரலாம்.

மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. இறைவனைக் குறிக்க எந்தச் சொல்லை ஆள்வது என்ற வினா அவர்களை நூற்றாண்டுக் கணக்கில் வாட்டியது. சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்றார். 1740-இல் இங்கே வந்து, பின்னர்ச் சென்னையில் பணியாற்றிய பெப்ரீஷியஸ் ‘பராபரன்’ என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருத்தத்தில் ‘தேவன்’ வந்தது. அண்மைக்காலப் பெயர்ப்புகளில் ‘கடவுள்’. ஒரு சொல்லுக்கு இருநூற்றெண்பது ஆண்டுகள்! நாளை மாலைக்குள் நாற்பது பக்கம் வேண்டும் என்று கேட்கும் அலுவலகங்களுக்கு இச்செய்தியைச் சொல்லத் தோன்றுகிறது. பெப்ரீஷியஸ் தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதி 1779-இல் வேப்பேரியில் வெளிவந்தது. அதன் நான்காம் பதிப்பு 1972-இல் அச்சானது தரங்கம்பாடியில். டெல்லியில் என் மேசைமீது பல ஆண்டுகளாகக் கிடக்கும் தடித்த நூல் அதுவே. அன்றாடம் புரட்டியும், அதன் முகப்பில் உள்ள ஊர்ப்பெயரை நான் ஊன்றிப் பார்த்ததில்லை.

ராஜ வீதியில் இரண்டு பழைய கோயில்கள் உள்ளன. 1701-இல் கட்டப்பட்ட சீயோன் தேவாலயம் டேனியர்களுக்காக எழுந்தது. 1718-இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் தமிழ்ச் சபைக்காகச் சீகன்பால்கு கட்டியது. அடுத்த ஆண்டே, 1719 பிப்ரவரியில், முப்பத்தாறாம் வயதில் அவர் மறைந்தார். அவ்வாலயத்தினுள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

இல்லத்தரசிகளுக்கு உவப்பான செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1768-இல் கோனிக் என்ற மருத்துவர் தரங்கம்பாடிக்கு வந்தார். தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் அவர். இப்பகுதிச் செடிகொடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பி வந்தார். நம் கறிவேப்பிலையின் தாவரவியற் பெயரில் இரண்டாம் சொல்லாகிய ‘கோனிகி’ என்பது அவர் நினைவாக இட்டதே. டெல்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நம்மவர் மாடிகளில், பனிக்கும் வெயிலுக்கும் காத்து வளர்க்கும் அந்தச் சிறு தொட்டிச் செடி தரங்கம்பாடியின் ஒரு நினைவைச் சுமந்து நிற்கிறது.

1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமத்துக்கு விற்றுவிட்டனர். அதன் பின் நாகப்பட்டினம் ரயில்வழி பெற்று வளர்ந்தது. தரங்கம்பாடித் துறை ஓய்ந்தது. 1926-இல் மாயவரத்திலிருந்து இங்கும் ரயில் வந்தது. 1986-இல் அதுவும் நின்றது. வணிகம் நலிந்ததால்தான் பழைய தெருக்கள் இடிபடாமல் எஞ்சின என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆயினும் கடல் விட்டுவைக்கவில்லை. 1707-இல் கட்டப்பட்ட முதல் எருசலேம் ஆலயம் கடலரிப்பில் மறைந்தது. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையும் அலைகள் கொண்டுபோயின. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூர் மீனவர் குப்பங்களில் புகுந்து பலரைக் கொண்டுசென்றது. அதன் பின்னர்க் கரையில் கற்கள் கொட்டப்பட்டன. பழைய வீடுகள் சில பழுதுபார்க்கப்பட்டன. 1784-இல் கட்டப்பட்ட ஆளுநர் மாளிகையும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் உதவியோடு புதுப்பிக்கப்பட்டது. அந்தி வேளையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவரிடம், கோயில் எதுவரை இருந்தது என்று கேட்டேன். அவர் கடலுக்குள் கையை நீட்டிக் காட்டினார்.

இவ்வூருக்கு வர விரும்புவோர் மயிலாடுதுறைச் சந்திப்பில் இறங்கிப் பேருந்தில் வரலாம். முப்பது கிலோமீட்டர் அளவே தொலைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. அருங்காட்சியகங்களின் விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம். வெயில் ஏறுமுன் ராஜ வீதியையும் ஆலயங்களையும் பார்த்துவிட்டு, நண்பகலைக் கோட்டையிலும் அருங்காட்சியகங்களிலும் கழித்து, மாலையில் கரைக்கு வருவது வசதி. கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். கற்களும் உண்டு, இழுப்பும் உண்டு. வடக்கே பூம்புகாரும் தெற்கே காரைக்காலும் அண்மையில் உள்ளன. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முனைந்தால் எதையும் பார்த்ததாகாது.

புறப்படும் நேரம் நெருங்கியபோது மகள் ஈர மணலில் குனிந்து எதையோ கீறிக்கொண்டிருந்தாள். அருகில் சென்று பார்த்தேன். தன் பெயரை இந்தி எழுத்தில் எழுதியிருந்தாள். அதன் கீழே தமிழில் எழுதிக் காட்டும்படி கேட்டாள். எழுதினேன். அதைப் பார்த்து அவளும் எழுதினாள். முதலெழுத்தின் சுழி மட்டும் எதிர்ப்புறமாகத் திரும்பிவிட்டது. அதைத் திருத்துவதற்குள் அலை வந்துவிட்டது. மீண்டும் எழுதச் சொன்னேன். வண்டிக்காரர் இரண்டு முறை அழைத்தார். சற்றுப் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அவள் நான்காம் முறை எழுதும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.